கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது: கிரவுண்ட் கோளாறா, ஷீல்டிங் இல்லாததா?

கேள்வி: மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள் பாகம்) உள்ள எலெக்ட்ரிக் கிட்டார். கம்பியில் கை வைத்தால் ‘ஜிர்ர்’ சத்தம் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது. எங்கே பார்க்கணும்?

பதில்: தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜ் கிரவுண்ட் ஒயர் (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை கிரவுண்டோடு இணைப்பது) சரியாகவே இருக்கிறது. பிக்கப், ஒயர்கள் இருக்கும் குழிக்குள் ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லை, அவ்வளவுதான். பசையிலும் மின்சாரம் கடக்கும் வகைக் காப்பர் டேப் வாங்குங்கள். குழியின் அடி, சுவர் எல்லாம் ஒட்டி, துண்டுக்குத் துண்டு 5 மி.மீ. மேலேறட்டும். அந்தப் பசையை நான் முழுசாக நம்புவதில்லை. இணைப்புக்கு ஒரு சொட்டு ஈயம் வைத்துவிடுங்கள். ஒரு திருகு ஓட்டை அருகே டேப்பை வெளியே மடித்து விட்டால்தான் பிக்கார்டின் (குழியை மூடும் தகடு) பின்புற ஃபாயில் அதைத் தொடும். ஃபாயிலிலிருந்து வால்யூம் பாட்டின் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகுக்கு ஒரு ஒயர். மல்டிமீட்டரில் எந்த இரு மூலைக்கும் 1 ஓமுக்குள் காட்டணும்.

பதில்: மூடியதும் கிட்டார் ஊமையானால் பதறாதீர்கள். பிளக் செருகியதும் ஜாக்கின் டிப் நாக்கு (சிக்னலை எடுக்கும் முனை) வளைந்து ஃபாயிலில் முட்டும். சிக்னல் நேரே கிரவுண்டுக்குப் போய்விடும். அங்கேயும் சுவிட்ச் முனைகளுக்கு எதிரேயும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

பதில்: ஃபாயில் ‘ஜிர்ர்’ஐத்தான் அடக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ காந்தப்புலத்தால் வருவது, காப்பருக்கு அடங்காது. கிட்டாரைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் அதுதான். நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவம் உள்ளதாக இருந்தால் ஐந்து நிலை சுவிட்சின் 2, 4 நிலைகளில் (நடு பிக்கப்பும் ஓரத்து ஒன்றும் சேர்ந்து ஒலிப்பவை) பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்: தொட்டால் கூடினால்?

பதில்: ஜாக்கில் சிக்னல் ஒயரும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றிப் பார்க்காதீர்கள், ஷாக் அடிக்கும்.