மாங்காய் மண்டிக் கணக்கு: டேட்டாபேஸ் சந்தேகம்

வணக்கம். கிருஷ்ணகிரியில் பிசிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டேட்டாபேஸ் புராஜெக்ட்டுக்கு மாங்காய் மண்டிக் கணக்கை எடுத்திருக்கிறேன். அப்பா மண்டிக்குக் காய் போடுகிறவர், அதனால் இதை ஒழுங்காகச் செய்ய ஆசை.

முதலில் எல்லாம் ஒரே டேபிளில் இருந்தது. ஒருவர் பத்து லோடு போட்டால் அவர் போன் நம்பரும் பத்து முறை வரும், மாறினால் பத்து இடத்திலும் திருத்த வேண்டும். விவசாயிக்குத் தனி டேபிள் போட்டேன், அது சரியாகிவிட்டது.

விலைதான் குழப்புகிறது. பெங்களூரா ரக மாங்காய்க்கு ஒரு விலை, செந்தூரா ரகத்துக்கு வேறு விலை, தினமும் மாறும். ரகம், தேதி இரண்டையும் சேர்த்து பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்) வைத்தால் மூன்றாம் நார்மல் ஃபார்ம் (மற்ற விவரங்கள் எல்லாம் கீயை மட்டுமே நேரடியாகச் சார்ந்திருக்கும் அமைப்பு) வந்துவிடுமா? ஆனால் தரம் பார்த்து ஒரே நாளில் ஒரே ரகத்துக்கே இரண்டு விலை போடுகிறார்களே! அப்போது தரத்தையும் கீயில் சேர்ப்பதா, இல்லை விலையை லோடு டேபிளிலேயே விடுவதா? வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.