புதுசாகத் திறந்த கடையில் கொரியன் ஃப்ரைடு சிக்கன் சாப்பிட்டோம், இவ்வளவு இனிப்பாகத்தான் இருக்குமா?

பூந்தமல்லிக்காரி:
எங்கள் பக்கம் போன மாதம் ஒரு கொரியன் ஹோட்டல் திறந்திருக்கிறார்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேராகப் போனோம். மெனுவில் படத்தைப் பார்த்து, சிவப்பாக மேலே வெள்ளை எள் தூவியதைச் சொன்னோம், யாங்னியம் சிக்கன் என்று போட்டிருந்தது. அந்த நிறத்தைப் பார்த்து நம்ம 65 மாதிரி காரம் தூக்கலாக இருக்கும், அம்மாவுக்கு ஆகாது என்று அவருக்குத் தனியாகச் சாதம் சொல்லிவிட்டேன். வாயில் வைத்தால் முதலில் வருவது இனிப்பு, அப்புறம் பூண்டு, கடைசியில்தான் லேசாகக் காரம். வெல்லப்பாகு மாதிரி விரலெல்லாம் ஒட்டுகிறது. ஆனால் அந்த மொறுமொறுப்பு! முதல் துண்டைக் கடித்தபோது அப்பளத்தை நொறுக்குகிற சத்தம் எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கே கேட்டது. பேசிக்கொண்டே சாப்பிட்டதில் அரை மணி நேரத்தில் தட்டின் அடியில் கிடந்ததெல்லாம் நமத்துப்போனது. மீதியைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து ராத்திரி திறந்தால் மேல் மாவு அப்படியே வழன்று கையோடு வருகிறது. கூடவே ஒரு கிண்ணத்தில் சதுரம் சதுரமாக வெள்ளை முள்ளங்கி வைத்தார்கள், அலங்காரத்துக்கு என்று நினைத்து யாரும் தொடவில்லை.

இனிப்பு இதற்கே உரியதா, அல்லது இந்தக் கடையில்தான் இப்படியா? மகளுக்குப் பிடித்துவிட்டது, அதனால் மறுபடியும் போகத்தான் வேண்டும். போனால் என்ன சொல்லி வாங்குவது? வீட்டில் செய்ய முடியுமா?

சூவோனில் நாலு வருஷம்:
கடைக்காரர் மேல் தப்பில்லைங்க, யாங்னியம் என்றால் காரமும் இனிப்புமான சாஸ் புரட்டிய கோழி, அது இனிப்பாகத்தான் இருக்கும். நான் வேலைக்காகக் கொரியாவில் சூவோன் நகரத்தில் இருந்தேன், அங்கே பால்தல்முன் கோட்டை வாசல் பக்கத்தில் முழுக்கோழியைப் பொரித்துக் கொடுக்கும் கடைகளாகவே ஒரு தெரு இருக்கிறது. அந்தக் கோழியில் சாஸ் கிடையாது, உப்பைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். 1960களில் கொரியாவில் கோழி என்றால் மின் அடுப்பில் சுழற்றிச் சுட்டதுதான் விசேஷம். சமையல் எண்ணெய் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, 1977ல் சியோலில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் லிம்ஸ் சிக்கன் என்ற பொரித்த கோழிக் கடை வந்தது. யாங்னியம் சாஸ் பிறந்தது டேகு நகரத்தில். பொரித்த மாவு ஆறியதும் கெட்டியாகி மேலண்ணத்தைக் கிழிக்கிறது என்று சாப்பிட வந்தவர்கள் சொல்ல, அங்கிருந்த ஒரு கடைக்காரர் காரமும் இனிப்பும் கலந்து ஒரு சாஸ் செய்து மேலே புரட்டிக் கொடுத்தாராம். அதில் போடும் கோச்சுஜாங் நம்ம மிளகாய் விழுது மாதிரி இல்லை. மிளகாய்ப் பொடியோடு பசையரிசி, புளிக்கவைத்த சோயா, உப்பு எல்லாம் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைப்பது, அதனால் அதிலேயே கொஞ்சம் இனிப்பு இருக்கும். அதற்கு மேல் பாகு வேறு ஊற்றுகிறார்கள்.

அடுத்த தடவை 'பான்பான்' கேளுங்கள். பாதி சாஸ் இல்லாமல், பாதி சாஸோடு. முதலில் சாஸ் இல்லாததைச் சாப்பிட்டால்தான் அந்தப் பொரியலின் அருமை தெரியும். இனிப்பு ஆகவே ஆகாது என்றால் கான்ஜாங், அது சோயாவும் பூண்டும், உப்பு கொஞ்சம் முன்னால் நிற்கும். பார்சல் என்றால் சாஸைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், டப்பாவை இறுக்கி மூட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், ஆவி உள்ளேயே நின்றால் எந்தப் பொரியலும் நமத்துத்தான் போகும். அப்புறம் அந்த முள்ளங்கி! அதைத் தொடாமல் விட்டதால்தான் இனிப்பு திகட்டியிருக்கிறது. இரண்டு துண்டு கோழி, ஒரு துண்டு முள்ளங்கி, வாய் சுத்தமாகிவிடும்.

இன்னொன்று, அங்கே இதைச் சாப்பாடாக அவ்வளவாக நினைப்பதில்லை. ராத்திரி வேலை முடிந்து நாலு பேர் சேர்ந்து பீரோடு சாப்பிடுவது, அதற்கு சிமேக் என்றே பேர். மதியம் நல்ல பசியோடு போய் இதை மட்டும் சாப்பிட்டால் யாருக்கும் திகட்டும்.

ராயபுரம் அடுப்படி:
வீட்டில் தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி, நான் மாதம் ஒரு தடவை செய்கிறேன். முதல் விஷயம் கோழி. நம்ம கறிக்கடையில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள், 'தோலோடு வேணும்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோவுக்குள் சின்னக் கோழியாகப் பார்த்து, பிரியாணிக்கு வெட்டுவதைவிடச் சின்னதாக வெட்டி, பாலில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள், கவிச்சி போய்விடும். உப்பு, மிளகு, இஞ்சி, பூண்டு, அவ்வளவுதான், மசாலா எதுவும் வேண்டாம். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெள்ளை கார்ன்ஃப்ளவர் முக்கால் பங்கு, மைதா கால் பங்கு. மாவு மெல்லிசாக ஒட்டியிருந்தால் போதும், மீதியை உதறிவிடுங்கள்.

இரண்டு தடவை பொரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை மிதமான சூட்டில், 160 டிகிரி போல, எட்டு பத்து நிமிஷம், நிறம் மாறக் கூடாது. எடுத்து வலைத்தட்டில் பரப்பி ஐந்து நிமிஷம் விடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாக மாவுக்கு வரும், தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். அந்த ஈரத்தை எடுக்கத்தான் இரண்டாவது பொரியல், 180 டிகிரிக்கு மேல், இரண்டு மூன்று நிமிஷம். போட்டவுடன் சடசடவென்று பெரிதாகச் சத்தம் வரும், அது குறைந்து சன்னமாகும்போது எடுத்துவிட வேண்டும். கரண்டியால் தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும்.

சாஸ்: கோச்சுஜாங் இரண்டு ஸ்பூன், தக்காளி கெச்சப் இரண்டு, சோயா சாஸ் ஒன்று, நசுக்கிய பூண்டு நாலு பல், தேன் ஒன்றரை ஸ்பூன். கொதித்துக் குமிழி வந்ததும் இறக்கி, இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு புரட்டுங்கள், முன்னாடியே புரட்டி வைக்காதீர்கள். முள்ளங்கிக்குத் தண்ணீர் ஒரு கப், வினிகர் அரை, சர்க்கரை அரை, உப்பு ஒரு ஸ்பூன், ராத்திரி ஊறவைத்தால் காலையில் தயார்.

சாலிகிராமம் வாப்பா:
நம்மாட்கள் போவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கோழி ஹலால் என்று போர்டு வைத்திருந்தாலும், ஊறவைக்கும்போது சமையல் ஒயின் சேர்க்கிறார்களா, பன்றி இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே இதையும் போடுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கோச்சுஜாங்கிலும் கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்த்து வருவது உண்டு. ஹலால் முத்திரை போட்ட கோச்சுஜாங்கும் கிடைக்கிறது. நான் கேட்ட கடையில் மேனேஜர் சமையலறையிலிருந்து டப்பாவையே கொண்டுவந்து காட்டினார், ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

பூந்தமல்லிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் மறுபடியும் போனோம், வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டே போனோம். பான்பான் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்கள். சாஸ் இல்லாததை அம்மா மூன்று துண்டு சாப்பிட்டார், 'மசாலாவே இல்லாம எப்படி இவ்வளவு ருசி' என்று கேட்டுக்கொண்டே. முள்ளங்கி இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினோம். பக்கத்து மேசையில் ஒரு கொரியக் குடும்பம், இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலைப் பக்கம் வேலை பார்ப்பவர்களாக இருக்கும், அவர்கள் வீட்டுக் குழந்தை எங்களைவிட அதிகமாக முள்ளங்கி சாப்பிட்டது.

அக்கா, தோலோடு கோழிக்குக் கறிக்கடையில் சொல்லி வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம், கடலை எண்ணெயில் பொரிக்கலாமா?

ராயபுரம் அடுப்படி:
செக்கு எண்ணெய் வேண்டாம், அதன் வாசனை கோழியை அமுக்கிவிடும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் போதும். துண்டு முழுகுகிற அளவுக்கு ஊற்றுங்கள், ஒரே சமயத்தில் ஐந்தாறு துண்டுக்கு மேல் போடாதீர்கள்.