வெங்காய வேர்நுனி ஸ்குவாஷ்: எல்லாம் இளஞ்சிவப்பு, குரோமோசோமைத்தான் காணோம்

கேள்வி – செய்முறைமேசை

முதலாண்டு தாவரவியல் வகுப்புக்கு மைட்டாசிஸ் (செல் இரண்டாகப் பிரிதல்) செய்முறை. பெரிய வெங்காயத்தைத் தண்ணீர் நிரப்பிய சீசா வாயில் வைத்து, ஐந்தாம் நாள் வேர் வெட்டியாயிற்று. அப்போது வேரின் நீளம் 4 செ.மீ. வெட்டியது மதியம் 2 மணிக்கு, நுனியிலிருந்து 1 செ.மீ. துண்டு. எத்தனாலும் கிளேசியல் அசிட்டிக் அமிலமும் 3:1 கலந்த கலவையில் ஒரு நாள் ஊறல். கலவை போன வாரம் கலந்து வைத்தது. பிறகு அசிட்டோகார்மைன் சாயத்தில் 5 நிமிடம், கவர் ஸ்லிப் போட்டு அழுத்தம் (ஸ்குவாஷ்).

400 மடங்கில் பார்த்தால் நீள நீளமான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எல்லாமே வெளிர் இளஞ்சிவப்பு, உட்கருவே மங்கல். சாயத்தில் கோளாறா?

பதில் – வேர்மூடி

சாயத்தைச் சந்தேகிக்கும் முன் 'நீள நீளமான செல்கள்' என்று நீங்களே எழுதியதைப் பாருங்கள். பிரியும் செல் பெட்டி மாதிரி சின்னதாக இருக்கும், உட்கரு செல்லில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பார்ப்பது அதற்கு மேலே உள்ள நீட்சிப் பகுதி. அங்கே செல் வளரும், பிரியாது. உங்கள் 1 செ.மீ. துண்டில் வேண்டியது கடைசி 1–2 மி.மீ. மட்டும். சாயம் ஏறிய வேரை வெள்ளைத்தாள் மேல் வைத்தால் நுனி மட்டும் அடர்ந்து தெரியும், உட்கருக்கள் அங்கேதான் நெருக்கம். பிளேடால் அந்தக் கருத்த பகுதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறியுங்கள். வேர் 1–2 செ.மீ. இருக்கும்போதே வெட்டுவது நல்லது.

கலவையும் தவறு. எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து கிடந்தால் மெல்ல எஸ்ட்டராக மாறும், பழ வாசனை வந்துவிடும். அதற்கப்புறம் அது செல்லை இருந்த நிலையில் சரியாக நிறுத்தாது. அன்றன்று தேவைக்கு 10 மி.லி. கலந்தால் போதும் (7.5 + 2.5). 24 மணி நேரம் ஊறிய வேரை 70% ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.

பதில் – ஆக்குத்திசு

மேலே சொன்னது சரி. ஆனால் செல்கள் அடுக்காகக் கிடப்பதற்குக் காரணம் வேறு: ஹைட்ரோகுளோரிக் அமிலமே உங்கள் முறையில் இல்லை. செல்களை ஒட்டவைத்திருப்பது சுவர்களுக்கு நடுவே உள்ள பெக்டின். அது தளராமல் எவ்வளவு அழுத்தினாலும் வேர் நசுங்குமே தவிர செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது.

அடர் அமிலம் 8.3 மி.லி.யைத் தண்ணீரில் மெல்ல ஊற்றி (தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது) 100 மி.லி. ஆக்கினால் ஏறத்தாழ 1 நார்மல் செறிவுள்ள அமிலம் கிடைக்கும். அதில் 60 டிகிரி நீர்த்தொட்டியில் 8–10 நிமிடம், பின் தண்ணீரில் கழுவல். குறைந்தால் கட்டி கட்டியாக நிற்கும். கூடினால் நுனி ஊசியில் எடுக்கும்போதே கரைந்துபோகும், சாயமும் சரியாகப் பிடிக்காது.

நீர்த்தொட்டி இல்லையென்றால் வாட்ச் கிளாஸில் அசிட்டோகார்மைன் 9 சொட்டு, 1 நார்மல் அமிலம் 1 சொட்டு, அதில் வேர்நுனி. ஸ்பிரிட் விளக்கின் மேல் காட்டி, ஆவி எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். நாலைந்து முறை இப்படி. கொதித்தால் காரியம் கெட்டது. பிறகு மூடி 20 நிமிடம் விடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், அசிட்டிக் அமில ஆவி கண்ணைக் கரிக்கும்.

அழுத்தும்போது 45% அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு, கவர் ஸ்லிப், தீக்குச்சியின் பின்முனையால் செங்குத்தாக மெல்லத் தட்டல். செல்கள் மேகம் மாதிரி பரவியதும் ஃபில்டர் பேப்பரை மடித்து மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக ஒரே அழுத்து. கவர் ஸ்லிப் பக்கவாட்டில் இம்மி நகர்ந்தாலும் செல்கள் உருண்டு குரோமோசோம்கள் சிதறிவிடும். நல்ல தயாரிப்புகள் பெரும்பாலும் வீணாவது இந்த ஒரு நொடியில்தான்.

இதற்கப்புறமும் வெளிறியே இருந்தால் சாயத்தைத் துருப்பிடித்த ஊசியால் கிளறுங்கள். இரும்பு கார்மைனைக் குரோமோசோமில் பிடிக்கவைக்கும். நீலம் கலந்த சிவப்பு தட்டியதும் நிறுத்திவிடுங்கள், மிஞ்சினால் கருப்புத் துகள்களாகப் படியும்.

பதில் – காலைவெட்டு

நேரத்தை யாரும் தொடவில்லையே. காலை 6 முதல் 9 வரை அரை மணிக்கு ஒரு முறை நாலைந்து வேர் வெட்டித் தனித்தனிக் குப்பியில் போடுங்கள். எந்தக் குப்பியில் பிரியும் செல் அதிகமோ அதுதான் உங்கள் ஊருக்கும் அந்தப் பருவத்துக்கும் நேரம். புத்தகத்துக்குப் புத்தகம் நேரம் மாறுவது வெப்பமும் வெளிச்சமும் இடத்துக்கு இடம் மாறுவதால்.

வெங்காயத்தையும் கவனியுங்கள். முளைக்காமலிருக்கக் காமாக் கதிர் காட்டிய வெங்காயம் சந்தைக்கு வருவதுண்டு (நாசிக் பக்கம் லாசல்காவில் அதற்கென்றே நிலையம் இருக்கிறது). அதை நம்பி உட்கார முடியாது. சின்ன வெங்காயம் வைத்துப் பாருங்கள், அதற்கும் குரோமோசோம் 16தான். காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடித்தட்டு மட்டும் தண்ணீரில் படும்படி வையுங்கள். தினமும் தண்ணீர் மாற்றாவிட்டால் அழுகும்.

யாராவது கால்ச்சிசின் போடச் சொன்னால் கேட்காதீர்கள். அது கதிர்கோல் இழைகளை (குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பவை) உருவாகவிடாமல் செல்லை மெட்டாஃபேஸிலேயே (குரோமோசோம்கள் நடுவில் வரிசையாகும் நிலை) நிறுத்தும். 16ஐ எண்ண அது வேண்டும். நிலைகளைக் காட்ட வேண்டிய வகுப்பில் அனாஃபேஸே (குரோமோசோம்கள் இரு பக்கமாக விலகும் நிலை) கிடைக்காமல் போகும்.

செய்முறைமேசை

காலை 7.30 குப்பியில் நன்றாகத் தெரிகிறது, நன்றி. இனி எண்ணிக்கை. இன்டர்ஃபேஸா (இரு பிரிதலுக்கு இடைப்பட்ட நிலை) புரோஃபேஸா (பிரிதலின் தொடக்கம்) என்று மாணவர்களுக்குள் தகராறு. அனாஃபேஸ் வெகு குறைவு, அது சரியா?

வேர்மூடி

சரிதான். அனாஃபேஸ் சட்டென்று முடிவது, அதனால் குறைவாக அகப்படும். தகராறுக்கு எண்ணுவதற்கு முன்பே விதி வையுங்கள்: இழைகள் தனித்தனியாகத் தெரிந்தால் புரோஃபேஸ், பொடிப்பொடியாக மட்டும் தெரிந்தால் இன்டர்ஃபேஸ். எந்த விதி என்பதைவிட எல்லோரும் ஒரே விதியில் எண்ணுவது முக்கியம்.

ஒரு பார்வைப்புலத்தில் உள்ள எல்லாவற்றையும் எண்ண வேண்டும், அழகானதைப் பொறுக்கக் கூடாது. 500 செல்லில் 40 பிரிகின்றன என்றால் மைட்டாசிஸ் குறியீடு 8, அதாவது நூற்றுக்கு 8. செல் சுழற்சி (ஒரு பிரிதலிலிருந்து அடுத்த பிரிதல் வரை) 20 மணி நேரம் என்று கொண்டால் மைட்டாசிஸுக்கு 1.6 மணி. உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதல் இருக்கும், ஒன்று இரண்டாவதால் இளம் செல்களின் கூட்டம் எப்போதும் அதிகம். முதலாண்டுக்கு அந்தத் திருத்தம் வேண்டாம்.

ஸ்லைடை மறுநாளும் காட்ட வேண்டுமானால் கவர் ஸ்லிப் ஓரங்களைத் துடைத்துவிட்டு நகப்பூச்சு தடவுங்கள். சில நாள் தாங்கும்.