குளிர்ந்த காலையில் கிளம்ப மறுத்த எஸ்.எம்.பி.எஸ்.

குன்னூரிலிருந்து:

டி.வி. பவர் போர்டு ஒன்றைப் பற்றியது இது. எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தைப் பெட்டிக்கு வேண்டிய குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் இந்தப் போர்டுதான். மின்வெட்டு வராதவரை பெட்டி நன்றாகவே ஓடுகிறது என்றும், விடியற்காலையில் மின்சாரம் போய் வந்தால் மட்டும் எழுந்திருக்க மறுக்கிறது என்றும், அதனால் இரவில்கூட அணைப்பதில்லை என்றும் அதைப் பழுது பார்க்கக் கொண்டுவந்த அம்மா என் கடைவாசலில் நின்று பொறுமையாகச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அவுட்புட் பக்கத்தில் தலை உப்பியிருந்த இரண்டு 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்களை மாற்றி, பிற்பகல் முழுவதும் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தனுப்பினேன். மறுவாரமே திரும்பி வந்தது. மறுபடியும் என் கடையில், என் மேசையில், நண்பகலில் சமர்த்தாக ஓடியது.

மூன்றாம் முறை டிசம்பர் மாதத்தில், காலை ஆறரை மணிக்கு அவர் வீட்டிலேயே பெட்டியைக் கழற்றினேன். உள்ளே வரும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 320 வோல்ட் இருந்தது. போர்டை இயக்கிக் கட்டுப்படுத்தும் 3842 ஐ.சி.க்கு மின்சாரம் வரும் ஏழாம் காலில் மின்னழுத்தம் 16 வோல்ட்டை நோக்கி ஏறுவதும், அந்த அளவைத் தொட்டவுடன் சரிவதுமாக இருக்க, போர்டு டிக், டிக் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் பேத்தியின் ஹேர் டிரையரை வாங்கி, ஐ.சி.க்குப் பக்கத்திலிருந்த 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் குட்டிக் கப்பாசிட்டரின்மீது அரை நிமிடம் மிதமான சூட்டைக் காட்டினேன். டிக் ஒலி நின்றது, படம் வந்தது. ஐ.சி. கிளம்பிய பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்றிலிருந்து மின்சாரம் வந்து சேரும்வரை அதைத் தாங்க வேண்டியது அந்தக் கப்பாசிட்டர்தான். உள்ளே காய்ந்துபோன ஒன்றால் குளிரில் அந்தச் சிறு இடைவெளியைக்கூடத் தாங்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு அந்தச் சோதனையே வராது. அதைத்தான் அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

மதுரையிலிருந்து:

குன்னூர் நண்பர் இவ்வளவு வருந்துவதற்கு இதில் ஒன்றுமில்லை. கப்பாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் ஒன்று கையில் இருந்திருந்தால், வாடிக்கையாளர் வாயே திறக்காமல் போயிருந்தாலும் இரண்டு நிமிடங்களில் அந்தக் கப்பாசிட்டர் பிடிபட்டிருக்கும். சாதாரண மீட்டரில் கொள்ளளவு சரியாகக் காட்டியது என்பதற்காக இந்த வகை எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரை நம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

என் அனுபவம் சுருக்கமானது. கிளம்பாத போர்டு ஒன்றின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேநீர் குடித்து வந்து, பத்து நிமிடம் ஆகிவிட்டதே என்ற தைரியத்தில் அடிப்பக்கத்தைக் கையால் பிடித்தேன். போர்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. என் முழங்கை சுவரில் மோதியது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு பார்த்தால், பெரிய கப்பாசிட்டரிலிருந்து ஐ.சி.க்கு முதல் மின்சாரத்தைக் கொடுக்கும் 330 கிலோஓம் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் அறுந்திருந்தது. பெட்டியைக் கிளம்பவிடாமல் செய்த அதே பழுதுதான், பெரிய கப்பாசிட்டர் வடிந்துபோக இருந்த ஒரே வழியையும் அடைத்திருந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்து வடிக்காதீர்கள், 2.2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட ஒயர்களில் இணைத்துக் காட்டினால், 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஏறக்குறைய ஒரு வினாடியில் அடங்கிவிடும், ஆனாலும் மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். ஏ.சி. முனைகளுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதே, அது வடித்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். அது ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடு பிரிட்ஜுக்கு முன்னால் இருப்பதால் பின்னாலுள்ள கப்பாசிட்டருக்கு உதவாது. பழுது பார்த்த போர்டை எப்போதும் 60 வாட் குண்டு பல்பு வழியாகவே முதலில் ஓட்டுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் பிரைமரியில், அதாவது வீட்டு மின்சாரம் வரும் பக்கத்தில், ஷார்ட். ஒரு கணம் மின்னி மங்கினால் கவலையின்றி நேரடியாகக் கொடுக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து:

கவலையின்றி என்ற அந்தச் சொல்லை மதுரைக்காரர் திரும்பப் பெற வேண்டும். ஒரு நூற்பாலையின் 24 வோல்ட் சப்ளையில், சுவிட்ச் போல வேகமாக அணைந்து எரியும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தது. மாஸ்ஃபெட்டையும் ஐ.சி.யையும் 0.22 ஓம் ரெசிஸ்டரையும் மாற்றினேன். அவர் சொன்னபடியே பல்பு மின்னி மங்கியது, அவுட்புட்டில் 24 வோல்ட் துல்லியமாக நின்றது. பல்பை எடுத்துவிட்டு லோடைக் கொடுத்தவுடன் பட்டாசுச் சத்தத்தோடு மாஸ்ஃபெட்டின் கறுப்புச் சில்லு ஒன்று என் மூக்குக்கண்ணாடியில் வந்து அடித்தது. கண்ணாடி போடாத நாளாக அது இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் வருகிறது.

டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே, மின்னழுத்த எழுச்சியை அடக்க இருந்த ஸ்னப்பர் டயோடு அறுந்திருந்ததுதான் காரணம். லோடு இல்லாதபோது ஓடும் மின்னோட்டம் குறைவு என்பதால், மாஸ்ஃபெட் அணையும்போது எழும் மின்னழுத்த எழுச்சியும் சிறிதாகவே இருந்தது. முழு லோடில் அது 600 வோல்ட் மாஸ்ஃபெட்டின் தாங்குதிறனைத் தாண்டிவிட்டது. பல்புச் சோதனை ஷார்ட்டைத்தான் காட்டும், இதைக் காட்டாது. அந்த ஆலையின் போர்மேன் இப்போதும் நான் சுவிட்சைப் போடுமுன் இரண்டடி பின்னால் போய் நிற்கிறார்.

மீண்டும் குன்னூரிலிருந்து:

மதுரை நண்பருக்கு ஒன்று மட்டும். ஈ.எஸ்.ஆர். மீட்டரைப் பிறகு வாங்கினேன், கழற்றிய அந்தக் கப்பாசிட்டரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிற்பகலில் கடையில் அளந்தால் 4 ஓம் காட்டுகிறது. விடியற்காலையில் வீட்டுத் திண்ணையில் வைத்து அளந்தபோது 11 ஓம் காட்டியது. நான் கடை திறப்பது பத்து மணிக்கு.