சாவி டிக்கிக்குள்ள, நான் வெளியில. டூப்ளிகேட் சாவி பத்தி ஒரு டவுட்

கேட்டவர்: டிக்கிவாசன்

போன ஞாயிறு ஊருக்கு போறப்ப மேல்மருவத்தூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம், குடிச்சிட்டு வந்து தண்ணி கேன் எடுக்கலாம்னு ரிமோட்ல டிக்கிய மட்டும் திறந்தேன், ரெண்டு கையும் வேணும்னு சாவிய பை மேல வெச்சேன், கேனை எடுத்தேன், டப்புனு மூடினேன். அந்த சத்தம் கேட்ட அடுத்த செகண்டே வயித்துல புளிய கரைச்சிடுச்சு. நாலு கதவும் லாக். ஸ்பேர் சாவி சென்னைல பீரோக்குள்ள. மாமியார் கடை பெஞ்ச்சுல உக்காந்து ஒண்ணும் பேசாம என்னையே பாத்துட்டு இருந்தாங்க, திட்டியிருந்தா கூட பரவால்ல.

டீக்கடைக்காரர் ஒரு பூட்டு சாவிக்காரரை வரவெச்சார். கதவு இடுக்குல ஒரு சின்ன பைய சொருகி காத்தடிச்சு, நீட்டு கம்பியை விட்டு உள்பிடிய இழுத்தார், அஞ்சு நிமிஷம், 800 ரூபா. ஆனா இப்ப 80ல போனா அந்த கதவுல உய்யுனு காத்து சத்தம் வருது. சரி பண்ண முடியுமா? அப்புறம் சும்மா ஒரு டூப்ளிகேட் வெட்டி வெச்சுக்கலாமா, கம்பெனில கேட்டா ஆயிரக்கணக்குல சொல்றாங்க.

பதில்: பழைய ஸ்பேனர்

டிக்கி பட்டன அமுக்கினா நிறைய வண்டில டிக்கி மட்டும்தான் திறக்கும், கதவு லாக்லயேதான் இருக்கும், அதான் மாட்டிக்கிட்டீங்க. சத்தத்துக்கு மொதல்ல கதவ சுத்தி இருக்குற ரப்பர் பீடிங் பிதுங்கியிருக்கானு பாருங்க, கையாலயே அமுக்கி உக்கார வெச்சிடலாம். அது சரியா இருந்தும் சத்தம் வந்தா கதவு ஃப்ரேம் லேசா வளைஞ்சிருக்கும், டிங்கரிங் ஆளு கிட்ட காட்டுங்க.

கம்பெனி சொல்ற காசு சாவிக்குள்ள இருக்குற சிப்புக்கு. சிப் இல்லாம வெட்டின சாவில கதவு திறக்கும், வண்டி ஓடாது, இம்மொபிலைசர் விடாது, அதான் சிப்ப பாக்காம இன்ஜின ஓட விடாத திருட்டு தடுப்பு. உங்களுக்கு கதவு திறந்தா போதுமே, ஒரிஜினல்தான் உள்ளயே கெடக்குதே. சாவிக்கடைல சாதா சாவி வெட்டிக்கோங்க. அந்த கண்ணாடி இடுக்குல ஸ்கேல் விட்டு லாக்க நெம்புற பழைய வேலைய மட்டும் யாரும் செய்யாதீங்க, இப்போ கதவுக்குள்ள பூரா வயரிங்.

பதில்: ரெண்டு வாலு அம்மா

எங்க வீட்ல சாவியோட சேத்து ரெண்டு வயசு பையனும் உள்ள. சாவிய வெளையாட குடுத்துட்டு கதவ சாத்தி இந்தப்பக்கம் வர்றதுக்குள்ள லாக் பட்டன அமுக்கிட்டான். மே மாசம், மதியம். பட்டன அமுக்குடா கண்ணான்னா சிரிக்கிறான், கொஞ்ச நேரத்துல அழ ஆரம்பிச்சு மூஞ்செல்லாம் சிவந்துடுச்சு. நாங்க யோசிக்கல, கண்ணாடிய உடைச்சிட்டோம். வெயில்ல பத்து நிமிஷத்துலயே உள்ள பத்து டிகிரி ஏறிடும்ங்க, சாவிக்காரன் வரட்டும்னு நிக்காதீங்க, 112க்கு அடிச்சிட்டே உடைங்க. குழந்தைக்கு தூரமா இருக்குற பக்க கண்ணாடிய, நடுவுல இல்லாம மூலைல, கூரான எதையாவது வெச்சு அடிக்கணும். பொடிப்பொடியா கொட்டும். முன் கண்ணாடில அடிச்சு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, அது விரிசல் விடும், கொட்டாது.

பதில்: ரெட் சிக்னல்

இன்சூரன்ஸ் பேப்பர எடுத்து பாருங்க பாஸ், ரோட் சைட் அசிஸ்டன்ஸ் போட்டிருந்தா இதுக்கும் ஆள் அனுப்புவாங்க. என்ன, அந்த நம்பர் போன்ல இருக்கணும். நான் டேஷ்போர்டுக்குள்ள பாலிசிய வெச்சு பூட்டிட்டு நின்ன ஆளு.

பதில்: டிக்கிவாசன்

எல்லாருக்கும் நன்றி. பீடிங்தான், அமுக்கி விட்டதும் சத்தம் நின்னுடுச்சு. சாதா சாவியும் வெட்டியாச்சு, 150 ரூபா. டிரைவர் கதவு திறக்குது. சும்மா ஸ்டார்ட்டும் பண்ணி பாத்தேன், ஒரு செகண்ட் உறுமிட்டு அணைஞ்சுது, மீட்டர்ல சாவி படம் மின்னுது, ஸ்பேனர் அண்ணே நீங்க சொன்னது அப்படியே. பர்ஸ்ல வைக்கலாம்னு எடுத்தேன், மாமியார் கைய நீட்டினாங்க. "என்கிட்ட இருக்கட்டும் மாப்ள"ன்னு சுருக்குப் பைல போட்டு முடிஞ்சுக்கிட்டாங்க.