இட்லிப் பொடி விலை 89 லட்சம்

குழு: வைகைக்கரை சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

காலை 6:52 – செல்லூர் அத்தை
[படம்]
மருமகனே, நேற்று நீ அச்சடித்துக் கொடுத்த லேபிளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இட்லிப் பொடி கால் கிலோ, ஊர் மதுரை, விலை ரூ. 8957920 என்று இருக்கிறது. பாக்கெட்டில் ஒட்டட்டுமா, இல்லை கொஞ்சம் குறைத்துப் போடுவாயா?

காலை 6:55 – வில்லாபுரம் மாமா
எள்ளு கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டீர்களோ 😂

காலை 6:58 – பெரியப்பா
எண்பத்தொன்பது லட்சத்து ஐம்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?

காலை 7:03 – அம்மா
அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் லேப்டாப்பைத்தான் முறைத்துக்கொண்டிருந்தான்.

காலை 7:41 – நான்
ஐயோ அத்தை, ஒட்டிவிடாதீர்கள். லேபிளுக்காக சி மொழியில் நான் எழுதிய புரோகிராமில் விலையை 160 என்றுதான் கொடுத்தேன். காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் சரியாக வந்தது. அங்கே ஊர்ப் பெயரை இங்கிலீஷில் அடித்தேன், வீட்டில் உங்களுக்காகத் தமிழில் அடித்தேன். வேறு எதையும் மாற்றவில்லை.

காலை 7:44 – பெரியப்பா
தமிழில் எழுதினால் விலை ஏறுமா? கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

காலை 7:46 – வில்லாபுரம் மாமா
மாப்ள, டிப்ளமோ இரண்டாம் வருடம் வந்தாயிற்று. 160-ஐ 160 என்று காட்டத் தெரியவில்லையா? ஏஐயிடம் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். எதற்கு இந்த சி, டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம்?

காலை 8:10 – அக்கா (பெரியப்பா மகள்)
மாமா, கொஞ்சம் பொறுங்கள்.
டேய், ஒன்று சொல். ஒவ்வொரு தடவையும் அதே எண்தான் வருகிறதா, மாறி மாறி வருகிறதா?

காலை 8:12 – நான்
அதே எண்தான் அக்கா. 160-க்குப் பதிலாக 200 கொடுத்தாலும் 8957920.

காலை 8:13 – அக்கா
அப்போது தப்பு விலையில் இல்லை, ஊரில் இருக்கிறது. விவரங்களை அடுத்தடுத்து அடுக்கி வைக்கும் ஸ்ட்ரக்ட்டில் ஊருக்கு எத்தனை இடம் ஒதுக்கினாய்?

காலை 8:14 – நான்
12. அதற்கு அடுத்தது விலை. இங்கிலீஷில் மதுரைக்கு 7 எழுத்துதானே, தாராளம் என்று நினைத்தேன்.

காலை 8:15 – அக்கா
விலையை முதலில் கேட்கிறதா, ஊரையா?

காலை 8:15 – நான்
விலையை.

காலை 8:31 – அக்கா
சரி, பேப்பர் எடுத்துக்கொள். நம் கண்ணுக்கு மதுரை மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு ஐந்து: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், அதாவது 3 இடம் எடுக்கும். ஆக 15 பைட். சொல் முடிந்தது என்று காட்ட சி மொழி கடைசியில் ஒரு சுழியம் வைக்கும். மொத்தம் 16.
நீ கொடுத்த இடம் 12. ம, த, உகரம், ர நான்கும் உள்ளே உட்கார்ந்துவிட்டன. ஐகாரக் குறியின் 3 பைட்டும் அந்தச் சுழியமும் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டன. பக்கத்து வீடு விலை. அதற்கும் சரியாக 4 பைட்தான். அங்கே குடியிருந்த 160 காலி.

காலை 8:33 – நான்
தட்டுவதை வாங்கும் ஸ்கேன்எஃப் ஏன் தடுக்கவில்லை?

காலை 8:34 – அக்கா
எத்தனை வரை வாங்கலாம் என்று நீ சொன்னாயா? சொல்லாவிட்டால் அது கேட்காது. டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் உருவாக்கிய மொழி. எழுதுகிறவனுக்கு விஷயம் தெரியும் என்று நம்பி விட்டுவிடும்.

காலை 8:40 – பெரியப்பா
இதெல்லாம் சரியம்மா. எழுத்து எப்படிப் பணமாயிற்று? 8957920 எங்கிருந்து வந்தது? கணக்கு காட்டு.

காலை 8:52 – அக்கா
அப்பா, ஐகாரக் குறியின் மூன்று பைட்டும் எண்ணாகப் பார்த்தால் 224, 175, 136. கடைசியில் 0. நம் கம்ப்யூட்டர்கள் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும், லிட்டில் எண்டியன் என்பார்கள். அதனால் 224-ஐ அப்படியே எடுங்கள். 175-ஐ 256-ஆல் பெருக்குங்கள். 136-ஐ 65536-ஆல் பெருக்குங்கள். மூன்றையும் கூட்டுங்கள்.

காலை 9:06 – பெரியப்பா
136 × 65536 = 8912896
175 × 256 = 44800
224
கூட்டினால் 8957920. ஒரு ரூபாய் பிசகவில்லை! மனதாலும் போட்டேன், கால்குலேட்டரிலும் போட்டேன்.

காலை 9:07 – பெரியப்பா
முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஐகாரத்துக்கு 89 லட்சம் மதிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

காலை 9:15 – வில்லாபுரம் மாமா
எங்கள் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் மதுரைக்கு நாலே தட்டு. ம, து, ஐகாரக் குறி, ர. குறியை முன்னால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். 15 பைட்டெல்லாம் கிடையாது.

காலை 9:19 – அக்கா
உண்மைதான் மாமா. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் நாலு இங்கிலீஷ் எழுத்துதானே தெரியும்? கல்யாணப் பத்திரிகை ஃபைலை அனுப்பிவிட்டு, எழுத்துருவையும் சேர்த்து அனுப்பியதை மறந்துவிட்டீர்களா? இப்போது இந்தக் குழுவில் எல்லோர் போனிலும் தமிழ் தெரிகிறதே, அதற்குத்தான் அந்த 15 பைட்.

காலை 9:20 – வில்லாபுரம் மாமா
அது என்னவோ சரி. அந்தப் பத்திரிகைக் கதையை விடு.

காலை 10:25 – நான்
மாமா சொன்னபடி ஏஐயிடம் கேட்டேன். 12-ஐ 20 ஆக்கச் சொன்னது. ஆக்கிவிட்டேன். மதுரை, 160. மேலூர், 160. முடிந்தது!

காலை 10:26 – வில்லாபுரம் மாமா
நான் சொன்னேனா இல்லையா!

காலை 10:31 – செல்லூர் அத்தை
சந்தோஷம். அடுத்த பார்சல் திருப்பரங்குன்றத்துக்கு, ஆறு பாக்கெட்.

காலை 10:38 – நான்
[படம்]
அக்கா 😭 ‘ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்’ என்று சொல்லி புரோகிராமே நின்றுவிட்டது.

காலை 10:44 – அக்கா
திருப்பரங்குன்றத்தைக் குறி குறியாக எண்ணு. புள்ளியையும் விடாதே.

காலை 10:49 – நான்
17. மும்மூன்று 51. சுழியத்தோடு 52. 20 இடத்தில் 52!
மேலூர் 19, அதனால் தப்பித்தது.

காலை 10:58 – அக்கா
அதேதான். காலையில் வழிந்தது பக்கத்து வீட்டோடு நின்றது, அதனால் சத்தமில்லாமல் தப்பான விலை வந்தது. இப்போது தெருவையே தாண்டிவிட்டது. புரோகிராமின் ஒரு பகுதிக்குள், அதாவது ஃபங்ஷனுக்குள் நுழையும்போது, அதன் தற்காலிக இடமான ஸ்டாக்கில் கம்பைலர் ஒரு எண்ணைக் காவலுக்கு வைத்திருக்கும். வெளியே வரும்போது அது மாறியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். உன் லேப்டாப்பில் இருக்கும் உபுண்டுவில் அது தானாகவே நடக்கிறது.
எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நின்றுவிட்டால் தெரியும். 89 லட்சம் வந்ததால் அத்தை கண்டுபிடித்தார். 190 என்று வந்திருந்தால்? ஒட்டி அனுப்பியிருப்பார்.

காலை 11:02 – செல்லூர் அத்தை
அனுப்பியிருப்பேன்.

காலை 11:10 – அக்கா
மாமா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏஐ தப்பாகச் சொல்லவில்லை. இவன் என்ன கேட்டான்? மதுரை என்று போட்டால் விலை மாறுகிறது என்றான். மதுரைக்கு மருந்து கொடுத்தது. எவ்வளவு நீளமான ஊர் வந்தாலும் வழியக் கூடாது என்று கேட்க இவனுக்குத் தெரியவில்லை. சி வகுப்பில் அர்ரேவும், ஆர்க்கிடெக்சரில் பைட் வரிசையும், ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஸ்டாக்கும் நடத்தியிருப்பார்கள். மூன்று நோட்டில் மூன்று பாடமாக எழுதியிருப்பான்.

காலை 11:13 – நான்
லிட்டில் எண்டியன் இரண்டு மார்க் கேள்வி அக்கா. மனப்பாடம் செய்து எழுதினேன். இரண்டு மார்க்கும் போட்டார்கள்.

காலை 11:14 – அக்கா
😐

காலை 11:36 – நான்
ஊருக்கு 100 இடம். 99 பைட்டுக்கு மேல் வாங்காதே என்று ஸ்கேன்எஃப்பிலேயே எல்லை போட்டுவிட்டேன். திருப்பரங்குன்றம் 160. உசிலம்பட்டி 160. வேண்டுமென்றே அரைப் பக்கம் தட்டிப் பார்த்தேன், விலை அசையவில்லை. ஆனால் கடைசி எழுத்துக்குப் பதிலாக ஒரு கறுப்புக் கட்டம் வருகிறது.

காலை 11:39 – அக்கா
99 மூன்றால் வகுபடும், தமிழ் மட்டும் அடித்தால் குறி நடுவில் அறுபடாதே. இடையில் இங்கிலீஷ் எழுத்தோ எண்ணோ தட்டினாயா?

காலை 11:40 – நான்
ஆமாம், ஒரு ஹைஃபன் போட்டு பின்கோடு.

காலை 11:41 – அக்கா
அதுதான். ஹைஃபனுக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பைட், மொத்தம் ஏழு. அது மூன்றால் வகுபடாது. வரிசை தவறி, ஒரு குறி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அதை அடுத்த ஞாயிறு பார்க்கலாம். பின்கோடுக்குத் தனி இடம் கொடு.

மதியம் 12:20 – செல்லூர் அத்தை
மருமகனே, என் பற்று நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா? செல்வி என்று மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி கொடுத்த காசை இன்னொருத்தி கணக்கில் கழித்துவிட்டேன். போன் நம்பரை வைத்துப் பார்க்கலாம் என்றால், ஒருத்தி நம்பரை மாற்றிவிட்டாள்.

மதியம் 12:24 – நான்
டேட்டாபேஸ் பாடம், டிபிஎம்எஸ், அடுத்த செமஸ்டர் அத்தை. அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு வரிசை எண் கொடுங்கள். பெயர் மாறலாம், நம்பர் மாறலாம், அந்த எண் மட்டும் மாறக் கூடாது.

மதியம் 12:26 – அக்கா
👏 பிரைமரி கீ. பாடம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

மதியம் 1:48 – அம்மா
தம்பி, எங்கேடா இருக்கிறாய்? சாப்பாடு ஆறுகிறது. மாமாவும் வருகிறேன் என்றானே.

மதியம் 1:53 – வில்லாபுரம் மாமா
அக்கா, கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டு லோடு ஆட்டோ மூக்கோடு மூக்காக நிற்கிறது. அவன் எடுத்தால் இவன் எடுப்பானாம், இவன் எடுத்தால் அவன் எடுப்பானாம்.

மதியம் 1:54 – நான்
டெட்லாக் மாமா! கையில் இருப்பதை விடாமல் அடுத்தவரிடம் இருப்பதற்குக் காத்திருப்பது. திங்கட்கிழமை டெஸ்டில் இதுதான் பத்து மார்க்.

மதியம் 1:56 – வில்லாபுரம் மாமா
விடை என்ன? சீக்கிரம் சொல், பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

மதியம் 1:57 – நான்
யாராவது ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பின்னால் அனுப்ப வேண்டும். பிரீஎம்ப்ஷன்.

மதியம் 2:09 – வில்லாபுரம் மாமா
பூக்கார அம்மா ஒருவர் வந்து இரண்டு பேரையும் திட்டினார். ஒருவன் ரிவர்ஸ் எடுத்துவிட்டான். வந்துகொண்டிருக்கிறேன்.

மதியம் 2:30 – செல்லூர் அத்தை
லேபிள் எப்போது வரும்? ஆறு பாக்கெட்டும் கட்டி வைத்துவிட்டேன், கூரியர்காரன் ஐந்து மணிக்கு வருவான்.

மதியம் 2:31 – நான்
சாப்பிட்டுவிட்டு மாமா வண்டியிலேயே கொண்டுவருகிறேன் அத்தை. வேறு சந்து வழியாக.