மறு: பிரைமரி புரொஜெக்‌ஷன் – மடித்த இறக்கையில் பின்னால் நீட்டி நிற்கும் இறகு நுனிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> "இறகெச்சம்" எப்படி? மூடியது போக மீதி நிற்பது எச்சம்தானே?

இலக்கணப்படி குறையில்லை. ஆனால் பறவை பார்ப்பவரிடம் "அந்தக் குருவியின் எச்சம் தெரிகிறதா" என்று கேட்டால் மனிதர் தன் தோளைத்தான் தடவிப் பார்ப்பார். வேண்டாம்.

"இறகு நீட்சி"யும் எனக்கு ஒட்டவில்லை. நீட்சி என்றால் இறக்கையை நீட்டுவது போலப் படுகிறது. நாம் பேசுவதோ மடித்த இறக்கையைப் பற்றி. குருவி கிளையில் அமர்ந்திருக்கும்போது உடலையொட்டிய டெர்ஷியல் இறகுகள் மேலே போர்த்திக் கிடக்கும். அவற்றின் முனையைத் தாண்டி பிரைமரி எனப்படும் வெளிப்பக்கப் பறப்பிறகுகளின் நுனிக்கற்றை பின்னால் துருத்திக்கொண்டிருக்குமே, அந்தப் பகுதிக்குத்தான் பெயர் வேண்டும். களத்தில் இதை மில்லிமீட்டரில் சொல்வதில்லை. டெர்ஷியல் நீளத்தில் பாதி, முக்கால் என்றுதான் சொல்கிறோம்.

பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் சிஃப்சாஃப், வில்லோ என்ற இரண்டு கதிர்க்குருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாடினால் பிரச்சினையே இல்லை. முன்னது இரண்டு சுரங்களை மாற்றி மாற்றித் தட்டும். பின்னதன் பாட்டு மேலிருந்து வழிந்து இறங்கும். ஆங்கிலேய இயற்கையியலாளர் கில்பர்ட் வைட் 1768-லேயே குரலை வைத்து இவற்றைப் பிரித்துவிட்டார். வலசைக் காலத்தில் வாய் திறக்காமல் இலைக்குள் தாவும்போதுதான் தொல்லை. அதுவும் விடியற்காலை மங்கலில் வெளிர்நிறக் கால்கூடக் கறுப்பாகத் தெரியும். நிறத்தை நம்ப முடியாது. அப்போது பார்க்க வேண்டியது இந்த நுனியைத்தான். சிஃப்சாஃபில் அது டெர்ஷியலின் பாதியளவு இருக்கும். வில்லோவில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ. சகாராவைத் தாண்டிப் போகிற வில்லோவுக்கு நீண்ட, கூரிய இறக்கை வேண்டியிருக்கிறது. சிஃப்சாஃப்களில் பல மத்தியதரைக் கடல் பக்கமே தங்கிவிடும். (வாலைக் கீழ்நோக்கி ஓயாமல் ஆட்டினால் சிஃப்சாஃப் என்று சந்தேகப்படலாம். நுனி சரியாகத் தெரியாதபோது உதவும்.)

ஆகவே என் முன்மொழிவு "நுனித்துருத்தம்". குறுந்துருத்தம், நெடுந்துருத்தம் என்று அடைமொழி சேர்க்கவும் வளைந்து கொடுக்கிறது. "துருத்தி" என்று முடித்தால் கொல்லன் உலை வந்துவிடும், அதனால்தான் "துருத்தம்".

> "துருத்தம்" மட்டும் போதாதா? நுனி எதற்கு?

அலகும்தான் துருத்திக்கொண்டிருக்கிறது. வால்கூட இறக்கையைத் தாண்டித் துருத்துகிறது. அதையும் தனியே அளக்கிறார்கள். குறிப்பேட்டில் விரைவாக எழுதும்போது சுருக்கிக்கொள்ளுங்கள், சொற்பட்டியலில் முழுசாக இருக்கட்டும்.

டெர்ஷியலுக்கு இன்னும் சொல் அமையவில்லை. "உள்ளிறகு" என்றால் உடலோடு ஒட்டிய பஞ்சிறகு என்று எடுத்துக்கொள்வார்கள். "போர்வை இறகு" என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் அது பறப்பிறகுகளின் அடியை மூடும் சிறு இறகான கவர்ட்டுக்கும் பொருந்திவிடும். வேறு யாருக்காவது ஏதாவது படுகிறதா?